பதினொன்றாம் முறைத் தண்ணீர்

திருத்தணி,
2-12-1945

அன்புள்ள அக்காவுக்கும் பாவாவுக்கும் கஜபதி வணக்கம்.

இன்று காலை எங்கள் திருத்தணி ஐக்கிய புட்பால் கிளப்பின் நிர்வாகக் கமிட்டி மூன்று மணி நேரம் கூடி, இனிமேல் ஆட்ட இடைவேளையில் எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்குவதில்லை, நான்காக நறுக்குவது என்று தீர்மானித்தது. கிளப் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு பெரிய மாறுதல் நடந்ததில்லை. ஒருவர் மட்டும், கால் பழம் இடது கோடியில் நிற்கும் ஆட்டக்காரனிடம் போய்ச் சேருவதற்குள் உலர்ந்துவிடும் என்று ஆட்சேபித்தார். கத்தியின் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்ததும் சமாதானமாகிவிட்டார். கோச் என்ற முறையில் என்னிடமும் கருத்துக் கேட்டார்கள். எப்படி நறுக்கினாலும் சாறு அவ்வளவுதான் என்றேன். குறித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது சேதி. பழைய மைதானத்தில், யுத்தம் முடிந்த பிறகும், பட்டாளத்துச் சாமான்கள் அடுக்கியபடியே கிடக்கின்றன. ஆகவே புது மைதானம் ஒன்று ஏற்பாடு செய்திருக்கிறோம். ஏரிக்குக் கீழே, வாய்க்காலை ஒட்டி, நல்ல சமதளம். கோல் கம்பங்கள் நட்டாகிவிட்டன. இடத்துச் சொந்தக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், ஆட்சேபிக்க மாட்டார்கள் என்று கமிட்டிக்கு உறுதி கொடுத்திருக்கிறேன்.

சம்பா நட்டாயிற்றா என்று கேட்டிருந்தீர்கள். அதைப் பற்றி விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் மழையை முதல் நாளே சொல்லிவிடுகிறது. பாவாவின் இருமல் எப்படி இருக்கிறது?

உங்கள் தம்பி,
கஜபதி


தங்கவயல்,
16-12-1945

மைத்துனன் கஜபதிக்குப் பச்சையப்பன் ஆசி கூறி எழுதுவது. இருவரும் சுகம். என் இருமல் எல்லாருக்கும் வருகிற இருமல்தான். உன் அக்கா பாஞ்சாலி சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவள் சொல்வதில் தபாலில் அனுப்பத் தக்கதை மட்டும் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "ஏரிக்குக் கீழ, வாய்க்கால ஒட்டி, சமதளமா கீறது ஒன்னே ஒன்னுதான். எங்கப்பா எனக்கு மஞ்சக்காணியா குடுத்த ஒன்றரைக் காணி. வெளியூர்ல கீற அந்த நல்ல மனுஷங்க யாருன்னு அவன கேளு" என்கிறாள். கேட்டுவிட்டேன்.

உனக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் எழுதச் சொல்கிறாள். 1947 மார்ச்சில் சுரங்கத்தில் என் பெயரை அடித்துவிடுவார்கள். மறுநாளே கம்பெனி கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்கப்புறம் எங்களுக்கு என்று இருப்பது கல்யாணத்தில் அவளுக்குக் கொடுத்த அந்த நிலமும், அதற்கு ஏரியில் உள்ள பதினொன்றாம் முறைத் தண்ணீரும்தான். பிள்ளை குட்டி இல்லாதவர்கள் நாங்கள். நீ பயிரிட்டுப் பார்த்துக்கொள்வாய் என்றுதான் உன்னிடம் விட்டிருக்கிறாள்.

உடனே பதில் எழுதவும். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவச் சொல்கிறாள்.

பச்சையப்பன்

எலுமிச்சம்பழ விஷயத்தில் நான் இரண்டாக நறுக்கும் கட்சி.


திருத்தணி,
27-1-1946

அன்புள்ள அக்காவுக்கும் பாவாவுக்கும்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பொங்கல் வந்தது, போயிற்று. வேப்பெண்ணெய் தடவிவருகிறேன்.

அந்த நல்ல மனிதர்கள் நீங்கள்தான்.

புரட்டாசியில் மழை இல்லாமல் நாற்றங்கால் காய்ந்துவிட்டது. நிலம் சும்மா கிடந்தது. கிளப்பும் சும்மா கிடந்தது. இந்த ஒரு பருவத்துக்கு மட்டும் என்றுதான் விட்டேன். உள் வரப்புகளை மட்டும் வெட்டிச் சமப்படுத்தினோம். வெளி வரப்புகள் அப்படியே இருக்கின்றன, அவைதான் எல்லைக்கோடு. சுண்ணாம்பு மிச்சம்.

நேற்று முன்தினம் நடந்ததை எழுதுகிறேன். சோளிங்கரிலிருந்து ஒரு டீம் வந்து எங்களோடு ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் நீர்க்கட்டி முனியன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் வந்துவிட்டான். கார்த்திகை மழையில் ஏரி நிரம்பிற்று. தையில் மடை திறந்ததிலிருந்து அவன்தான் வரிசைப்படி ஒவ்வொரு நிலத்துக்கும் தண்ணீர் விடுகிறான். ஏரிக்குக் கீழே அவனுக்கு மேல் அதிகாரி கிடையாது. ரெப்ரீ விசில் ஊதினார். முனியன் விசிலுக்கு நிற்கிறவன் இல்லை.

"இன்னா முனியா?" என்றேன்.

"பதினொன்னாம் முறை நைனா. பாஞ்சாலி அம்மா நெலம். தண்ணி உடணும்."

"இங்க பயிர் இல்ல. ஆளுங்க ஓடிகினு கீறாங்க."

"பயிர் கீதா, ஆளு கீதான்னு பாக்கறது என் வேல இல்ல. நெலம் கீது. வேணும்னா வேணும்னு சொல்லு, வேணாம்னா வேணாம்னு சொல்லு. வுடாம மூணு தபா வேணாம்னா முறை அடியோட அடுத்த நெலத்துக்குப் பூடும். அப்பால எம்மேல வருத்தப்படக் கூடாது."

ஊர்க் கட்டுப்பாடு உங்களுக்குத் தெரியும். அடுத்த நிலம் பங்காரு அவர்களுடையது. அவரும் வரப்பில் நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

கால் மணி நேரத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். சோளிங்கர்க்காரர்கள் பூட்ஸ் போட்டவர்கள். ஒருவர் பூட்ஸை மண் பிடித்துக்கொண்டு விட மறுத்ததால் கழற்றிவிட்டு வெளியே வந்தார். நம் ஆட்கள் வெறுங்கால். வருஷத்தில் பாதி நாள் நடவிலும் களையெடுப்பிலும் நிற்கிறவர்கள். எல்லப்பன் மூன்று கோல் போட்டான். அவன் ஓடியதாகவே தெரியவில்லை. நாற்று முடி எடுத்துப் போகிறவன் போலப் போனான்.

ஆக, நிலத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது, முறையும் காப்பாற்றப்பட்டது. இதை அக்காவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டவும்.

கஜபதி


தங்கவயல்,
17-3-1946

மைத்துனன் கஜபதிக்கு,

நாங்கள் சௌக்கியமே. இரண்டு தரம் படித்துக் காட்டினேன். இரண்டாம் தரம், "தண்ணிய வாங்கினான் இல்ல? அந்த மட்டுக்கும் எங்கப்பனுக்குப் பொறந்தவன்தான். வரப்ப எப்போ போடுவான்னு கேளு" என்றாள். பிறகு ஒன்பது நாள் உன் பேச்சை எடுக்கவில்லை. என்னிடமும் சுருக்கமாகத்தான் பேசினாள்.

இது நான் என் சார்பில் எழுதுவது. சென்னையில் தோல் கம்பெனி டீமில் நீ ஆடியதை ஒரே ஒரு தரம் பார்த்திருக்கிறேன். ஒன்றரை மணி நேரத்தில் பந்து உன் பக்கம் இரண்டு தரம் வந்தது. இரண்டு தரமும் அதை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினாய். உன் கடிதங்களும் அப்படித்தான் இருக்கின்றன என்கிறாள் உன் அக்கா.

வரப்பு பற்றி எழுதவும்.

பச்சையப்பன்


திருத்தணி,
23-6-1946

அக்காவுக்கும் பாவாவுக்கும் கஜபதி வணக்கம். இங்கே வெயில் குறையவில்லை. மலைக்குப் போய் உங்கள் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். முந்நூற்றுச் சொச்சம் படியும் ஏறினேன். இறங்கும்போதுதான் முழங்கால் தன் கருத்தைச் சொன்னது.

பாவா எழுதியது உண்மை. ரைட் பேக் ஆடுகிறவன் வேலை பந்தை வந்த இடத்துக்கு அனுப்புவதுதான். பதினோரு வருஷம் அந்தத் தோல் கம்பெனி டீமுக்கு அதைச் செய்தேன். காலையில் குடோனில் தோல் எண்ணினேன், மாலையில் பந்து உதைத்தேன். முழங்கால் கெட்டுப்போன வருஷம் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, கைகுலுக்கி, ரயிலேற்றிவிட்டார்கள். கடிகாரம் இருபது நிமிஷம் வேகமாக ஓடுகிறது. அதனால் நான் எந்த வண்டியையும் தவறவிட்டதில்லை. ஏறுவதற்கு வண்டிதான் இல்லை.

பங்குனி வரை ஆறு ஆட்டங்கள் ஆடினோம். ஆறும் ஜெயம். ஆட்டத் தேதிகளைப் பதினொன்றாம் முறைக்கு மறுநாளாகப் பார்த்து வைத்தது என் யோசனை. சேற்றில் பந்து உருளாது, நிற்கும். நிற்கிற பந்திடம் முதலில் போகிறவன் ஜெயிப்பான். பதினோரு வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம் இது. சித்தூரிலிருந்து வந்த டீம், இது புட்பால் அல்ல, விவசாயம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிற்று. கமிட்டி அதை வெற்றிக்கான அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு என்னை உப காரியதரிசி ஆக்கியிருக்கிறது. பங்காரு அவர்கள் அக்கிராசனர் ஆகியிருக்கிறார். இரண்டு பந்துகளும் ஒரு பெஞ்சும் அன்பளிப்புச் செய்தார்.

நெல் விஷயம். இப்போதைய உத்தரவுப்படி ஒரு மரக்கால் நெல்கூட மைசூர் எல்லையைத் தாண்டக் கூடாது. விளைந்திருந்தாலும் உங்களுக்கு அனுப்ப முடிந்திருக்காது. அந்த வகையில் நஷ்டம் இல்லை. ஆடியில் விதைப்பதைப் பற்றி யோசித்துவருகிறேன்.

கஜபதி


தங்கவயல்,
8-9-1946

மைத்துனன் கஜபதிக்கு,

ஆடி போய் ஆவணி முடியப்போகிறது. உன்னிடமிருந்து ஒன்றும் காணோம். உடம்பு எப்படி என்று எழுது.

உங்கள் கோல் கீப்பர் வேடியப்பன் இங்கே அவன் தங்கை வீட்டுக்கு வந்திருந்தான். ஊர்ப் பையன் என்று பாஞ்சாலி கூப்பிட்டுச் சோறு போட்டாள். கேட்க வேண்டியதைக் கேட்டு முடிக்கும்வரை கையைக் கழுவ விடவில்லை.

"நாத்து உட்டாங்களா?"

"எங்க அத்தே?"

"எங்க நெலத்துல."

"அங்கியா? கோல் போஸ்ட்டுக்கு வெள்ள அடிச்சிகினு கீறாங்கோ. போன வருஷத்த வுட இப்ப நீட்டா கீது."

"நடுவுல வரப்பு போடலியா?"

"நடுவுல சென்டர் அத்தே. அங்க வரப்பு போட்டா எப்டி ஆடறது?"

அவனுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். ராத்திரி என்னிடம் சொன்னதை எழுதுகிறேன். பதினொன்றாம் முறைக்காக உங்கள் அப்பா பங்காருவின் அப்பாவோடு ஏழு வருஷம் பேசாமல் இருந்தாராம். பந்தயம் போட்டதுபோல இரண்டு பேரும் மடை திறக்கிற நாளில் விடியுமுன்பே போய் உட்கார்ந்திருப்பார்களாம். நீ அப்போது கைக்குழந்தை. "அந்தாளு அப்ப வரப்பு மேல குந்திகினு பாத்தாரு. அவுரு புள்ள இப்ப பெஞ்சு போட்டு குந்திகினு பாக்கறான். இவன் பெஞ்சுக்கு நன்றி சொல்லிகினு கீறான்" என்கிறாள்.

கம்பெனி டாக்டர் என் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தார். மார்ச் வரை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, முன்பே போனாலும் தடையில்லை என்றார். நல்ல மனிதர். மார்ச் வரை இருப்பதாகச் சொல்லிவிட்டேன்.

பச்சையப்பன்


திருத்தணி,
10-11-1946

அன்புள்ள அக்காவுக்கும் பாவாவுக்கும்,

பாவா டாக்டர் சொன்னபடி நடந்துகொள்ளவும். குளிர்ந்த தண்ணீர் குடிக்க வேண்டாம்.

என்னை டைரக்டர் ஆக்கியிருக்கிறார்கள். நம் தாலுகாவில் புட்பாலுக்கு டைரக்டர் என்று ஒருவர் இதற்குமுன் இருந்ததில்லை. என்ன வேலை என்று கேட்டேன். அதை முடிவு செய்ய ஒரு சிறு கமிட்டி போட்டிருக்கிறார்கள். இப்போதைக்குத் தெரிந்தது இவ்வளவு: எனக்கு ஒரு நாற்காலி உண்டு. ஆட்டத்தன்று கோட்டு அணிய வேண்டும். ஆட்டக்காரர்களோடு நேரே பேசுவது பதவிக்குத் தகாது. சொல்ல வேண்டியதை எனக்குப் பின் வந்த உப காரியதரிசிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் அதைக் கமிட்டி முன் வைப்பார். கோச் இடம் காலியாக இருக்கிறது. அது நிரம்பும்வரை ஆட்டக்காரர்கள் சொந்தப் பொறுப்பில் ஆடுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பழக்கதோஷத்தில் "எல்லப்பா, எடது பக்கம்" என்று கத்திவிட்டேன். எல்லப்பன் திரும்பிப் பார்த்து, "இத எழுத்துல குடுங்க சார்" என்றான். முதல் தரம் என்னைச் சார் என்றது அப்போதுதான்.

பங்காரு கோப்பை என்று ஒரு பந்தயம் ஏற்பாடாகியிருக்கிறது. கடைசி ஆட்டம் பிப்ரவரி 16ஆம் தேதி நம் மைதானத்தில். அதற்கு மறுநாளிலிருந்து வரப்பு வேலை தொடங்கிவிடும். நீங்கள் வருவதற்குள் நிலம் நிலமாக இருக்கும். இதை நான் உப காரியதரிசி வழியாகச் சொல்லவில்லை, நேரே சொல்கிறேன்.

கஜபதி


தங்கவயல்,
15-12-1946

மைத்துனன் கஜபதிக்கு,

டைரக்டர் ஆனதற்கு வாழ்த்து. நாங்கள் மார்ச் 22ஆம் தேதி, சனிக்கிழமை, வந்து சேருகிறோம். இரண்டு பெட்டி, ஒரு அம்மி, நாங்கள் இருவர். பாஞ்சாலி இப்போதே பழைய புடவைகளில் விதை கட்டப் பை தைத்துக்கொண்டிருக்கிறாள். வந்தவுடன் சொர்ணவாரிக்கு விதைப்பாளாம். கோடையில் அந்தப் பயிருக்கு ஏரித் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை.

"தைல மடை தெறப்பாங்க. மூணு தபா கணக்க மறந்துடப் போறான்" என்று எழுதச் சொல்கிறாள். மறக்க மாட்டாய் என்றேன். அப்போதும் எழுதச் சொல்கிறாள்.

இங்கே பனி அதிகம். இருமல் அப்படியேதான்.

பச்சையப்பன்


திருத்தணி,
1-2-1947

அன்புள்ள அக்காவுக்கும் பாவாவுக்கும்,

நலம். அங்கே நலமா?

பங்காரு கோப்பைக்குச் சென்னையிலிருந்து அந்தத் தோல் கம்பெனி டீம் வருகிறது. கடைசி ஆட்டம் அவர்களுக்கும் நமக்கும். அவர்கள் பெயரை நோட்டீஸில் பார்த்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். என் பெயரும் அதே நோட்டீஸில் இருக்கிறது, டைரக்டர் என்று, அக்கிராசனருக்குக் கீழே, அச்சகத்தின் பெயருக்கு மேலே.

டெபுடி கலெக்டர் வந்து கோப்பை கொடுக்கிறார். ஆகையால் மைதானம் காய்ந்திருக்க வேண்டும் என்று கமிட்டியில் ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் அக்கிராசனர். "பெரிய மனுஷன் சேத்துல நின்னு கோப்ப குடுப்பாரா? பட்டணத்து டீமு பாத்தா சிரிக்க மாட்டாங்களா? ஒனக்குத் தெரியாததா கஜபதி, அவங்களோட ஆடினவன் நீ" என்றார். அவர் நிலத்துக்கு லாபம் என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காக, அவர் ஓட்டுப் போடாமல் வெளியே போய் நின்றார். மற்றவர்கள் ஏகமனதாக நிறைவேற்றினார்கள்.

அதன்படி ஜனவரி 15ஆம் தேதி முறையும் 30ஆம் தேதி முறையும் வேண்டாம் என்று முனியனிடம் சொல்லியாகிவிட்டது. பயிரிடுகிறவன் என்ற முறையில் நான்தான் சொல்ல வேண்டும். மூன்றாவது முறை 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை, ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு.

காய்ந்த தரையில் நம் ஆட்கள் ஆடிப் பழகியதே இல்லை என்பது எனக்குத் தெரியும். கோச்சாக இருந்திருந்தால் கூட்டத்திலேயே சொல்லியிருப்பேன். இப்போது உப காரியதரிசிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். 23ஆம் தேதிக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

14ஆம் தேதி விஷயத்தை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

கஜபதி


தங்கவயல்,
6-2-1947

கஜபதிக்கு,

மூன்றாவதை வாங்கிவிடு. ஆட்டம் எப்படிப் போனாலும் போகட்டும்.

கீழே இருப்பது உன் அக்காவின் கைநாட்டு. இதுவரை எந்தக் கடிதத்திலும் அவள் வைத்ததில்லை. நான் கேட்கவில்லை, அவளே விளக்குக் கரியைத் தொட்டு வைத்தாள்.

பச்சையப்பன்


திருத்தணி,
2-3-1947

அன்புள்ள அக்காவுக்கும் பாவாவுக்கும் கஜபதி எழுதுவது.

உங்கள் கடிதம் ஒன்பதாம் தேதி கிடைத்தது. கிடைக்கவில்லை என்று எழுதலாமா என்று யோசித்தேன். தபால்காரர் நம் தெருக்காரர்.

பதினான்காம் தேதி விடியற்காலை முனியன் வந்தான். ஆட்டத்தன்று போட வேண்டிய கோட்டை அளவு பார்க்கப் போட்டுக்கொண்டு நின்றேன். உங்கள் கடிதம் அதன் பையில்தான் இருந்தது.

"இன்னா நைனா, தெறக்கட்டா?"

"வேணாம்."

"மூணாவது தபா."

"தெரியும்."

"அக்கா வந்து கேக்கும்."

"தெரியும் முனியா."

அவன் உடனே போய்விடவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து ஒரு பீடி பிடித்தான். முடிகிறவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கம்பெனிக்காரர்கள் என்னைச் சேற்றில் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். இதைவிட நல்ல காரணம் எழுத இரண்டு தாள் கிழித்தேன். வரவில்லை.

ஆட்டம் நடந்தது. ஒன்றரை மாதம் தண்ணீர் காணாத களிமண், ஓடு மாதிரி ஆகிவிட்டது. கட்டைவிரல் போகிற அளவு வெடிப்பு. பந்து விழுந்தால் ஆள் உயரம் எழும்பியது. நம் ஆட்கள் அது இறங்கி நிற்கும் என்று காத்திருந்தார்கள். அது நிற்கவில்லை. கம்பெனிக்காரர்களின் பூட்ஸ் சத்தம் மலைவரை கேட்டிருக்கும். எல்லப்பன் கால் ஒரு வெடிப்பில் மாட்டிச் சுளுக்கிக்கொண்டது. வேடியப்பனால் ஆனதை வேடியப்பன் செய்தான். ஏழு கோல். நமக்கு ஒன்றும் இல்லை. இடைவேளையில் எலுமிச்சம்பழத்தை நான்காக நறுக்கினார்கள்.

முடிந்த பிறகு அவர்களுடைய மானேஜர் என் நாற்காலி அருகில் வந்தார். புதியவர். கோட்டைப் பார்த்துவிட்டு, "நீங்க எப்பவாவது ஆடினதுண்டா சார்?" என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். "ரொம்ப நல்ல கிரவுண்டு. இவ்வளவு காஞ்ச கிரவுண்டு மெட்ராஸ்லகூட இல்ல" என்றார்.

இருபத்து மூன்றாம் தேதி என் கடிதம் கமிட்டியில் படிக்கப்பட்டது. காய்ந்த தரை நம் ஆட்டக்காரர்களுக்கு ஒத்துவராது என்ற கருத்தை ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள். அதன்பின் பங்காரு அவர்கள், விவசாய வேலை அதிகமாகிவிட்டபடியால், அக்கிராசனர் பதவியை ராஜினாமா செய்தார். அவர் பெஞ்சை அவர் வீட்டுக்கே அனுப்பிவிட்டோம். டைரக்டர் வேலை என்ன என்று பார்க்கப் போட்ட சிறு கமிட்டி இன்னும் அறிக்கை கொடுக்கவில்லை. நாற்காலியை நானே கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உள் வரப்புகள் போட்டாகிவிட்டன. வேடியப்பனும் நானும் ஐந்து நாள் வெட்டினோம். எல்லப்பன் கால் கட்டோடு வரப்பில் உட்கார்ந்து, "எடது பக்கம் சார், எடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பழைய அளவு தவறவில்லை என்றுதான் நினைக்கிறேன். அக்கா வந்து பார்த்துச் சொல்லட்டும். கோல் கம்பங்களைப் பிடுங்கி, வீட்டில் உளுத்துப்போயிருந்த விட்டத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். முன் அறையை உங்களுக்கு ஒழித்துவிட்டேன். பாவாவுக்குப் படி ஏற வேண்டியிருக்காது.

அரக்கோணத்தில் வண்டி மாற வேண்டும். பெட்டிகளை நீங்கள் தூக்க வேண்டாம். நான் அங்கேயே வந்து நிற்பேன். கடிகாரம் வேகமாக ஓடுவதால் நேரத்துக்கு முன்பே வந்துவிடுவேன். அக்கா என்னிடம் பேச வேண்டும் என்றில்லை. பாவாவைக் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வரச் சொல்லவும்.

உங்கள் தம்பி,
கஜபதி

நேற்றுப் பதினொன்றாம் முறை. முனியன் மடையைத் திறந்தான். தண்ணீர் நம் வரப்பு ஓரமாகப் போய்ப் பங்காரு நிலத்தில் பாய்ந்தது.